கரையேறிய பின்

நமது இராமநாதபுரம் மாவட்டத்தில் 'கேம்ப்' என்பதே பெயராக நிலைத்துவிட்ட ஊர் ஒன்று உண்டு. இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில் மண்டபத்தை அடுத்திருக்கும் நிலையத்தின் பலகையில் 'மண்டபம் கேம்ப்' என்றே எழுதியிருக்கிறது. 1983-இல் ஈழத்திலிருந்து அகதிகள் வரத் தொடங்கியதால் இப்பெயர் ஏற்பட்டது என்று நம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். பெயர் அவர்களுக்கும் மூத்தது. இலங்கையின் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழ்நாட்டு ஏழைகளை, அம்மையும் வாந்திபேதியும் பிளேக்கும் அவர்களுடன் கடல் கடந்துவிடாதபடி சில நாள் தங்கவைத்துச் சோதித்துக் கப்பலேற்றுவதற்காக, ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்ட முகாம் அது. எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் தகரவில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு அவர்கள் போனார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் தனுஷ்கோடி வரை தொடர்வண்டியும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலுமாக அப்பயணம் எளிதாயிற்று. எளிதாயிற்று என்பது போகும் வழியைக் குறித்து மட்டுமே.

அதே வாயில் வழியே மறுதிசையிலும் மக்கள் வந்தனர். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாட்டில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கீடு நடந்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. களத்துமேட்டில் நெல்லை அளந்து பிரிக்கும்போதுகூட, இது எவர் வயலில் விளைந்தது என்று ஒரு சொல் கேட்பதுண்டு. அளந்து அனுப்பப்பட்டவர்களும் முதலில் கால்வைத்தது மண்டபத்திலேதான். அவர்களுக்குப் பின், 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து, போரின் ஒவ்வொரு கட்டத்திலும் அலை அலையாக வந்தோரின் தொகை மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டது.

பிழைக்கப் போனவர், 'திரும்பியவர்', தப்பி வந்தவர் ஆகிய மூன்று கூட்டத்தாரையும் ஒரே முகாம் கண்டிருக்கிறது. தமிழ் இலக்கியம் இவர்களை எவ்வாறு கண்டது என்பதையே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். நமது கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. இக்கரையில் பிறந்த எழுத்து படகையே பார்க்கிறது. படகு மணலைத் தொட்டபின் தொடரும் நீண்ட ஆண்டுகளைப் பார்ப்பதில்லை. அந்த ஆண்டுகளை எழுதுவோர் அகதிகளாக வந்தவர்களே. அவர்கள் எழுதும்போதோ, நாம் அதை மனுவாக வாசிக்கிறோம். இரங்குகிறோம், உதவுகிறோம், மூடி வைத்துவிடுகிறோம்.

கண்டவர்களே இல்லை என்று சொல்லுதல் நன்றிகெட்ட செயலாகும். பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினார். புதுமைப்பித்தன் 1930-களில் எழுதிய 'துன்பக்கேணி' என்னும் நெடுங்கதை, மருதி என்ற ஏழைப் பெண் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் சீரழிவதை ஈவிரக்கமின்றிக் காட்டிற்று. தமிழ் வாசகர் அதுவரை தேநீரை மட்டுமே அறிந்திருந்தனர். அதன் விலையை அறிந்தது அக்கதையில்தான். ஆயினும், தோட்டத்தில் வாழ்ந்தறியாத ஒருவர் தூரத்தில் நின்று எழுப்பிய குரல் அது. அங்கே துன்பம் இருக்கிறது. நாள்தோறும் விடிந்து அடையும் வாழ்க்கை குறைவாக இருக்கிறது.

இதற்கு எழுபதாண்டுக்குப் பின் வந்த ஒரு திரைப்படத்தையும் இங்கே நினைக்கிறோம். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002-இல் வெளிவந்தது. இராமேசுவரத்து அகதி முகாமில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு அக்கரைக்குத் திரும்பிவிடுகிறாள். தமிழ்நாட்டு எழுத்தாளர் ஒருவர் அக்குழந்தையைக் காண்கிறார், கதை எழுதுகிறார், வளர்க்கவும் செய்கிறார். நல்ல படமே; திரையரங்கில் கண்ணீர் விட்டோருள் நாமும் அடங்குவோம். ஆனால் படம் முடிந்தபின் ஒன்று உறுத்தியது. முகாம் அங்கே பிரசவ அறையாக மட்டுமே வந்து மறைந்துவிட்டது. அன்று அதே முகாமில் பிறந்த மற்றக் குழந்தைகள் எங்கே பள்ளிக்குப் போயின, எவரை மணந்தன, எந்த அட்டையைக் காட்டின? எழுதுகிறவர் இக்கரையார், எழுதப்படுகிறவர் அக்கரையார். இந்த ஏற்பாடு நமக்கு மிகவும் இயல்பாகப் படுகிறது என்பதுதான் இடர்.

சொற்களையும் சற்றே பார்த்தல் வேண்டும். தோட்டத்துத் தமிழரை இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று வைதார்கள். உடன்பாட்டின்படி இங்கு வந்து நீலகிரியில் தேயிலை பறிக்கக் குடியேறியபோது, அவர்களே 'சிலோன்காரர்' ஆனார்கள். அரசுத்தாள்களோ அவர்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்றன. பாட்டன் விட்டுப்போன ஊரைப் பார்த்தே இராத ஒருவர் அதற்கு எவ்வாறு திரும்ப முடியும் என்று இலக்கணம் கேட்கும்; அரசு கேட்கவில்லை. 'அகதி' என்பதோ கதியற்றவர் எனப் பொருள்படும் வடசொல். இதைத் தூயதமிழாக்க விரும்பியோர் 'ஏதிலி' என்றனர். நல்லெண்ணத்தோடு செய்ததே. எனினும் பழந்தமிழில் 'ஏதிலார்' என்றால் அயலார், நமக்கு உறவற்றவர் என்றே பொருள். கதியற்றவர் என்ற சொல்லில் அவருக்குக் கதி தரவேண்டிய கடமை நமக்கு மிச்சமிருந்தது. அயலார் என்ற சொல்லில் அதுவும் கழிந்தது. ஆதலால் இக்கட்டுரையில் 'அகதி' என்ற சொல்லையே ஆளுகிறோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு அகதி முகாம் என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. வரவேற்கத்தக்க மாற்றமே. முகாம் என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது.

மலையகத்திலிருந்து எழுதியோருள் தெளிவத்தை ஜோசப் நமது தனிக்கவனத்திற்கு உரியவர். 1934-இல் பதுளை வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்து, இளமையில் சில ஆண்டு கும்பகோணத்தில் படித்து, மீண்டும் மலையகத்துக்கே சென்று எழுதிய கத்தோலிக்கர். 2022-இல் மறைந்தார். 'மீன்கள்' என்னும் அவரது சிறுகதை, லயத்தின் ஒற்றை அறையில் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் அடைந்து கிடக்கும் ஒரு குடும்பத்தின் வெட்கத்தைப் பேசுகிறது. வறுமையை எழுதுவது எளிது. வறுமையில் மனிதர் படும் வெட்கத்தை எழுதுவது அரிது. அவர் 1979-இல் வெளியிட்ட தொகுப்புக்கு 'நாமிருக்கும் நாடே' என்று பெயரிட்டார். இந்திய விடுதலையின் களிப்பில் பாரதி கையாண்ட சொல்லாட்சியை, எந்த நாடும் தம்முடையதென்று சொல்லமுடியாத மக்களின் கதைகளுக்குத் தலைப்பாக வைத்த துணிவை என்னென்பது! அந்த ஏகாரத்தில் உரிமையும் ஒலிக்கிறது, ஏக்கமும் ஒலிக்கிறது. வாசிப்பவர் தம் மனத்துக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம்.

மேற்கொண்டு செல்லுமுன், ஆப்பிரிக்கக் கரைக்கு ஒருமுறை போய்வர வாசக அன்பர்களை அழைக்கிறோம். தொலைவாகத் தோன்றலாம், ஆனால் மன்னார்த் தீவில் நிற்கும் பெருக்கமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததே. யானைக்கால் போன்ற அடிமரத்துடன் நம் இராமநாதபுரக் கரையிலும் அதைக் காணலாம், பொந்தன்புளி என்பார்கள். அராபிய வணிகர் பாய்மரக்கலத்தில் கொண்டுவந்தது என்பது வழிவழிச் செய்தி. பருவக்காற்றை நம்பிக் கலம் செலுத்திய காலத்தில் சான்சிபார்த் தீவும் நம் கரையும் ஒரே கடலின் இரு துறைகளாகவே இருந்தன.

அந்தச் சான்சிபாரில் 1948-இல் பிறந்தவர் அப்துல்ரசாக் குர்னா. 1964-இல், நம் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன அதே ஆண்டில், அங்கே புரட்சி நடந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த அராபிய, இந்திய வழியினர் ஒரே இரவில் வந்தேறிகள் ஆயினர். குர்னா இளைஞராக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்; ஆங்கிலத்தில் எழுதினார்; 2021-இல் நோபல் பரிசு பெற்றார். ஆப்பிரிக்காவில் பிறந்தும் முழு ஆப்பிரிக்கராகக் கொள்ளப்படாதவர். இங்கிலாந்தில் வாழ்ந்தும் 'எங்கிருந்து வருகிறீர்' என்ற கேள்வியிலிருந்து தப்பாதவர். தோட்டத்துத் தமிழருக்கு இக்கதையை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

2001-இல் வந்த அவரது 'பை த ஸீ' என்ற நாவலைக் 'கடலருகே' என்று தமிழில் சொல்லலாம். சாலே ஓமார் என்னும் முதியவர், அறுபத்தைந்து வயதில், வேறொருவர் பெயரிலான கடவுச்சீட்டுடன் இலண்டன் அருகிலுள்ள கேட்விக் விமான நிலையத்தில் வந்திறங்குகிறார். அவர் கையில் ஒரு சிறு பேழை. அதனுள் மணம்கமழும் அகில்வகைத் தூபக்கட்டை. பழைய வாழ்விலிருந்து அவர் கொண்டுவந்த பொருள் அதுவே. குடிவரவு அதிகாரி அதைத் தமக்கென்று எடுத்துக்கொள்கிறார். அந்த அதிகாரியின் பெற்றோரும் ருமேனியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களே என்று அவர் வாயாலேயே சொல்லவைக்கிறார் குர்னா. நேற்று உள்ளே வந்தவரின் மகன் இன்று வாயிலில் காவல் நிற்கிறான்.  நம் பக்கத்து எழுத்தாளர் எவரேனும் இதை எழுதியிருந்தால் அடுத்த வரியிலேயே அதிகாரியை வில்லனாக்கி நம் கோபத்தைத் தணித்திருப்பார்.

இக்கதையில் நம்மை நெடுநேரம் நிறுத்தியது வேறொன்று. சாலே ஓமாருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். தெரியாததுபோல் இருக்கும்படி பயணச்சீட்டு விற்றவன் சொல்லியனுப்பியதால், 'அகதி', 'அடைக்கலம்' என்ற சொற்களை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். அவர் ஊமையென்று எண்ணி மற்றவர்கள் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுகிறார்கள். இரக்கத்தைப் பெறுவதற்கு அறிவை மறைக்க வேண்டியிருக்கிறது.

நம் கரையில் நிகழ்வது இதன் மறுதலை. வந்தவருக்கும் இருப்பவருக்கும் மொழி ஒன்றே. காற்றுக்குக்கூட ஒரே பெயர். கச்சான் என்றால் மன்னாரிலும் தங்கச்சிமடத்திலும் ஒரே காற்றுத்தான். அப்படியிருந்தும் முகாமிலிருந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது என்ன? 'ஓம்' என்பதை 'ஆமா' ஆக்கவும், 'கதைக்கிறோம்' என்பதைப் 'பேசுறோம்' ஆக்கவும், 'கெதியா வா' என்பதைச் 'சீக்கிரம் வா' ஆக்கவும் கற்றுக்கொள்கிறது. குர்னாவின் முதியவர் தமக்கு ஒரு மொழி தெரியும் என்பதை மறைக்கிறார். நம் முகாம்ப் பிள்ளையோ தன் தாய்மொழியையே அதே மொழிக்குள் மறைக்கிறது. இம்மறைப்பு எந்த ஆவணத்திலும் ஏறுவதில்லை. வாடகைக்கு வீடு பார்க்கும் இளைஞர், வேலை தேடிப் போகும் பெண், முதல் சொல்லிலேயே 'நீங்க சிலோனா?' என்று கேட்கப்படுகின்றனர். கேட்பவர் பெரும்பாலும் தீமை எண்ணிக் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின் பேச்சு வேறு தடத்தில் போகிறது.

மொழியால் ஒன்றானவர் என்பதே நம் மேடைகளின் முழக்கம். தொப்புள்கொடி உறவு என்று பேசாத தலைவர் இல்லை. அந்த உறவு கடலில் எவ்வாறு நடத்தப்படுகிறது என்பதை நாம் அறிவோம். போர் 2009-இல் முடிந்தபின் வடபுலத்து மீனவர் மீண்டும் வலை கட்டிக் கடலுக்குள் இறங்கியபோது, நம் விசைப்படகுகளின் இழுவைமடி அவ்வலைகளை அறுத்துச் சென்றது. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. நம் மீனவர் சிறைப்படுவதும், படகுகள் பறிபோவதும், உயிர்ச்சேதமும் பெருந்துயரங்களே. அவற்றைச் சிறுமைப்படுத்தி எழுத மாட்டோம். ஆனால் இரு கரையிலும் ஒரே அந்தோணியாரை வேண்டிக்கொண்டுதான் வலைகள் கடலில் விழுகின்றன. கச்சத்தீவுத் திருவிழாவில் அருகருகே முழந்தாளிடுவோர் மறுவாரம் அக்கடலிலேயே எதிரெதிரே நிற்கின்றனர். இதை எழுத இன்னும் ஒரு நாவலாசிரியர் நமக்கு வாய்க்கவில்லை.

வாய்த்தவர் பக்கம் வருவோம். தொ. பத்தினாதன் இளம்பருவத்தில் அகதியாக இங்கு வந்து முகாமில் வளர்ந்தவர். அவரது 'போரின் மறுபக்கம்' என்னும் தன்வரலாற்று நூலைக் காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. தலைப்பே ஒரு திறனாய்வு. போரின் ஒரு பக்கம் குண்டும் குருதியும். அதை எழுதியோர் பலர். மறுபக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே குண்டு விழுவதில்லை, பதிவு நடக்கிறது. குறித்த நாளில் அட்டையுடன் வரிசையில் நின்று முகம் காட்டுவதை முகாம் மக்கள் 'செக்கிங்' என்பர். அன்று வெளியூரில் வேலையில் இருந்துவிட்டால் உதவித்தொகை போகலாம். கியூ பிரிவுக் காவலர் வந்து போவர். 1991-க்குப் பின் சந்தேகம் ஒரு கூரையைப்போல் எல்லார் தலைமேலும் நின்றது. நெருக்கமான குடியிருப்பில் கணவன் மனைவி தாழ்ந்த குரலில் சண்டையிட வேண்டியிருக்கிறது. தெளிவத்தை ஜோசப் எழுதிய லயத்தின் வெட்கம் கடல் தாண்டி இங்கேயும் வந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்நூலில் கதைக் கட்டமைப்பைத் தேடுவோர் ஏமாறுவர். உரைநடைக்கு ஒப்பனை இல்லை. நாம் அதைக் குறையாகக் கொள்ளவில்லை. இருந்தும், எளிமையாக இருப்பதாலேயே ஒரு நூலை 'உண்மையானது' என்று புகழ்ந்து ஒதுக்கிவிடும் நம் விமரிசன வழக்கத்தை இங்கே கண்டிக்க விரும்புகிறோம். அகதியின் நூலைப் பற்றி எழுதும்போது நாம் 'ஆவணம்', 'சாட்சியம்', 'கண்ணீர்' என்ற சொற்களுக்கு மேல் போவதில்லை. ஒரு தஞ்சாவூர்க்காரரின் நினைவுக்குறிப்பைப் பற்றி எழுதும்போது அவரது நகைச்சுவையைப் பேசுகிறோம், கூர்ந்து நோக்கும் பார்வையைப் பேசுகிறோம், எதைச் சொல்லாமல் விட்டார் என்று ஆராய்கிறோம். அகதி மட்டும் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்குவதே இல்லை.

பத்தினாதனின் எழுத்தில் நாம் கவனிக்கத் தவறுவது, அதில் கதைமாந்தராக வருவோர் நாமே என்பதுதான். வருவாய்த்துறை எழுத்தர், வேலை கொடுத்தவர், அண்டை வீட்டார் எல்லாரும் தமிழ்நாட்டார். ஐம்பதாண்டுக் காலம் நாம் அவர்களைப் பற்றி எழுதினோம். இப்போது அவர்கள் நம்மைப் பற்றி எழுதுகின்றனர். கண்ணாடியில் தெரிவது நம் முகமாக இருக்கையில், கண்ணாடி செய்தவரின் துன்பத்தை மட்டும் பேசிக்கொண்டிருப்பது எவ்வகை வாசிப்பு? அவர் பின்னர் எழுதிய நாவலின் பெயர் 'அந்தரம்'. நமக்கு அது வானுக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட வெளி. ஈழத்துப் பேச்சிலோ அந்தரப்படுதல் என்றால் தவித்தல், பதைத்தல். ஒரே சொல்லை இரு கரையாரும் இருவேறாகக் கேட்பர், இரண்டும் பொருந்தும். இத்தகைய தலைப்பு, இருகரைத் தமிழையும் ஒருங்கே அறிந்தவர்க்கே வாய்க்கும்.

மனுவையே இலக்கியமாக்கியவரும் உண்டு. பிரான்சில் வாழும் ஷோபாசக்தி 2001-இல் வெளியிட்ட 'கொரில்லா' நாவலின் தொடக்கமே பிரெஞ்சு அரசுக்கு எழுதிய அகதி விண்ணப்பம். அடைக்கலம் தேடுவோர் தம் வாழ்வை அதிகாரி நம்பும்படி ஒழுங்காக, தேதிவாரியாக, வேண்டிய அளவு துன்பத்துடன் சொல்லியாக வேண்டும். அந்த விண்ணப்பத்தின் வடிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அதற்குள் அடங்காத வாழ்க்கையை எழுதினார் அவர். இவ்வாறு எழுதப் பிரான்சுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அகதியாகப் பதிவுபெற்றவருக்கு நாளடைவில் குடியுரிமை கிட்டும் வழி உண்டு. அச்சமின்றிப் பகடி பேசவும் இயலும். இங்கே 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளைச் சொன்னதே அன்றி இலங்கையைச் சொல்லவில்லை. முகாமிலிருந்து எழுதுவோர் தம் பகடியை மடித்து வைத்துக்கொள்வதில் வியப்பில்லை. விமரிசகர் இதையும் அறிந்தே வாசிக்க வேண்டும்.

சட்டத்தின் நுட்பம் சில வேளை எந்தக் கதையையும் விஞ்சிவிடுகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பினாலேயே இந்தியக் குடிமக்கள். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். ஆகவே ஒரே முகாமில், ஒரே பெற்றோருக்கு, ஓராண்டு இடைவெளியில் பிறந்த அக்காளும் தம்பியும் சட்டத்தின் கண்ணில் இரு நாட்டவர் ஆகலாம். இந்த விதியைச் சுட்டி நீதிமன்றம் சென்று கடவுச்சீட்டுப் பெற்று 2024 தேர்தலில் வாக்களித்தவரும் உண்டு. 2021-இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். அவர்களுள் மலையக வழியினரும் கணிசமாக உள்ளனர். அதாவது, பாட்டன் மண்டபத்தின் வழியே கூலியாகப் போய், பேரன் அதே மண்டபத்தின் வழியே அகதியாக வந்தவர்கள்.

திருச்சபை இதில் எங்கே நிற்கிறது என்று வாசகர் கேட்கலாம். நம் துறவியரும் இயேசு சபையின் அகதிகள் பணியும் முகாம்களில் ஆற்றிய கல்விப் பணியை அறிந்தவர் அறிவர். நாம் சுட்ட விரும்புவது வேறொன்று. புதிய திருச்சபைச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது 1983 நவம்பரில், அகதிகள் நம் கரைக்கு வரத் தொடங்கிய அதே ஆண்டில். அதன் 102-ஆம் விதியின்படி, ஒருவர் நிலையாக வாழும் கருத்துடன் ஒரு பங்கின் எல்லைக்குள் குடியமர்ந்தாலோ, முழுமையாக ஐந்தாண்டு அங்கே வாழ்ந்தாலோ அது அவருக்கு உறைவிடம் ஆகிவிடும். அவர் அப்பங்கைச் சார்ந்தவர். எந்நாட்டு அட்டை என்று அவ்விதி கேட்பதில்லை. திருமுழுக்குப் பதிவேட்டில் முகாம்ப் பிள்ளையின் பெயரும் ஊர்ப் பிள்ளையின் பெயரும் அடுத்தடுத்த வரியிலேயே இருக்கின்றன. நாற்பதாண்டில் அரசு தீர்க்காத வழக்கை அப்பதிவேடு ஐந்தாண்டில் தீர்த்துவிட்டது.

பதிவேட்டுக்கு வெளியே? நம் கடற்கரை ஊர்களில் ஒருவர் ஊர்க்காரரா இல்லையா என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது அவர் வீட்டுப் படியேறி வரி கேட்பார்களா? விருந்தாளியிடம் எவரும் வரி கேட்பதில்லை. முகாம்க் குடும்பங்களுக்குத் திருவிழாவில் அன்னதானம் கொடுக்கும் பங்குகள் உண்டு; அவர்களிடம் தலைக்கட்டு வரி வாங்கும் பங்கு எது என்பதை வாசகர்கள் தத்தம் ஊரில் விசாரித்துப் பார்க்கலாம். ஓரியூரில் நாம் போற்றும் அருளானந்தரோ லிஸ்பனில் பிறந்தவர். நாட்டைவிட்டு நீங்குமாறு பணிக்கப்பட்டு, ஐரோப்பா சென்றும், மறவர் சீமைக்கே மீண்டுவந்து 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே உயிர் துறந்தார். அவரை அயல்நாட்டார் என்று நம்முள் எவரும் சொல்வதில்லை. அவர் சிந்திய குருதி அதற்குப் போதுமானதாயிற்று. வேறு மண்ணில் குருதி சிந்திவிட்டு வந்தவருக்கு எது போதும்?

2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதாரம் சரிந்தபோது மீண்டும் படகுகள் வந்தன. அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் குழந்தைகளுடன் இறக்கிவிடப்பட்டோரைக் கடலோரக் காவல்படை மீட்டுக் கொண்டுவந்தது, மண்டபத்தில் தங்கவைத்தார்கள். அவர்களுள் பலர் முன்பே தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து, போர் முடிந்தபின் நம்பிக்கையோடு ஊருக்குப் போனவர்கள். இங்கே பள்ளியில் படித்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். இந்தியாவைக் கண்டே இராத தோட்டத்து மக்களைத் 'தாயகம் திரும்பியோர்' என்று எழுதிய அதே அரசு மொழியில், இங்கே வளர்ந்து இங்கே மீண்டவர்களுக்குப் 'புதிதாக வந்த அகதிகள்' என்று பெயர் எழுதினார்கள். அவர்களின் பிள்ளைகள் இப்போது நம் பள்ளிகளில் இருக்கின்றனர். தமிழ்க் கட்டுரை ஏட்டில் 'எங்கள் ஊர்' என்று ஆசிரியை தலைப்புக் கொடுத்தால், எந்த ஊரைப் பற்றி, எந்தத் தமிழில் எழுதுவார்கள் என்று பார்க்கக் காத்திருக்கிறோம்.